அப்பாவின் ஆடுகளுக்கு நான் போட்ட கோடு

அப்பா அனுப்பிய படம் வந்தபோது நான் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் ஒரு பாரசீகப் பூனைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் பாதி அப்பாவின் கட்டைவிரல். மீதியில் ஓர் ஆட்டின் காது. காதின் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு.

"பாப்பா, மூனு ஆடு தூண்லயே தேச்சிக்கிட்டு நிக்குது. முடி கொட்டுது. நீ வந்து பாத்தாதான் தெரியும். அவசரம் இல்ல லா. ஞாயித்துக்கிழமை வா."

அவசரம் இல்லை என்று அப்பா சொன்னால் அவசரம் என்று பொருள்.

எங்கள் ஆடுகள் கிள்ளானில், உயர் மின்கம்பிகள் போகும் ஒதுக்கு நிலத்தில் இருக்கின்றன. அந்த நிலத்தில் ஒருவர் மரவள்ளி போட்டிருக்கிறார், ஒருவர் வாழை வைத்திருக்கிறார். அப்பாவும் பக்கத்துக் கொட்டகை அங்கிளும் ஆடு வளர்க்கிறார்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டிய கொட்டகைகள். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த பலகையில் நிற்கும்.

அப்பா இருபத்தாறு வருடம் லோரி ஓட்டியவர். முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி ஆறு மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்த பிறகு ஓட்டுநர் இருக்கையில் அரைமணி நேரம்கூட உட்கார முடியவில்லை. அப்போது வாங்கியவைதான் முதல் நான்கு ஆடுகள். கச்சாங் ஆடுகள், குட்டையான நாட்டு ரகம், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பின ஆடுகளுக்கு மாறினார். இந்தக் கதை நடந்தபோது பத்தொன்பது இருந்தன. அவை இல்லாவிட்டால் அப்பாவுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடையாது. அவர் இதைச் சொன்னதில்லை. அம்மாதான் ஒருமுறை, பள்ளிக்கூடக் கேன்டீன் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தபோது சொன்னார். "அந்த ஆடுங்க போச்சுன்னா உங்கப்பா மறுபடியும் செவுத்த பாத்துப் படுத்துக்குவாரு."

ஆடுகளுக்கு அடுத்தபடியாக அவரிடம் இருந்தது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் முடித்தவள். இதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கவும் தெரியாது. ஆனால் அப்பாவின் பெருமைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. புல் வெட்ட வருகிறவர், வாழைத்தார் வாங்க வருகிறவர் எல்லோரிடமும், "நமக்கு டாக்டர் வீட்டுலயே இருக்கு" என்பார். அங்கிளிடம் தினமும் சொல்வார். அங்கிள் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பற்றி அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சொறி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது நாலைந்து விதம். பேன் என்றால் முதுகு முடியை வகிர்ந்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். படர்தாமரை என்றால் வட்ட வட்டமாக முடி போகும், ஆடு அவ்வளவாகச் சொறியாது. இங்கே காது, கண்ணைச் சுற்றி, தொடையின் உள்பக்கம் என்று முடி போயிருந்தது. தோல் தடித்து மடிப்பு விழுந்திருந்தது. ஆடுகள் தின்பதைக்கூட விட்டுவிட்டுத் தூணில் தேய்த்தன. அப்பாவின் முழங்கைக்குக் கீழும் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள். கேட்டால், "கொசு" என்றார். ஆட்டைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் மட்டும் கடிக்கிற கொசு.

அங்கிள் தன் ஆடுகளுக்குக் கைவைத்தியம் முடித்திருந்தார். அவை கறுப்பு எண்ணெய் வழிய, பட்டறையிலிருந்து வந்த மோட்டார் பாகங்கள் போல நின்றன.

"என்ன அங்கிள் இது?"

"பழைய என்ஜின் ஆயிலு. தடவுனா பூச்சி மூச்சு முட்டிச் செத்துரும்."

"அது விஷம் அங்கிள். ஆடு நக்கிச்சுன்னா ஈரல் போயிடும்."

"எங்க காலத்துல மனுசனுக்கே தடவுனோம் லா, டாக்டரம்மா."

"அதான் உனக்கு மண்டையில ஒன்னும் மொளைக்கல," என்றார் அப்பா.

அப்பா ஆட்டை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். நான் காதின் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளேடை நிமிர்த்திப் பிடித்து, லேசாக ரத்தம் பொடிக்கும்வரை சுரண்டினேன். மேலாகச் சுரண்டினால் பயனில்லை, இந்தப் பூச்சி தோலுக்குள் குடைந்து போய் உட்காரும். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உருண்டையான உடம்பு, குட்டையான கால்கள், எண்ணெய்க்குள் நீந்திக்கொண்டிருந்தது. கைப்பேசியில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அங்கிளிடமிருந்து செய்தி வந்தது. "டாக்டரம்மா, இது என்னா, பாசார்ல விக்கிற நண்டா?"

அடுத்த ஞாயிறு பத்தொன்பது ஆடுகளுக்கும் ஊசி போட்டேன். ஒன்றுக்குச் சொறி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். அங்கிளின் பதினொன்றையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, அவற்றுக்கும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று, முட்டையிலிருந்து புதிதாக வருகிறவற்றுக்காக. அப்பாவின் கைக்கு ஒரு களிம்பு. அந்த ஊசி மருந்து தோலில் இருக்கும் பூச்சியையும் கொல்லும், வயிற்றில் இருக்கும் புழுவையும் கொல்லும். "ஒரே ஊசி, ரெண்டு வேல பா," என்று சொன்னேன். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். "ஒரே ஊசி, ரெண்டு வேல! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு லா, நான் என்ன செவிடா?"

பொருக்கு உதிர்ந்தது. இளஞ்சிவப்புத் தோல் தெரிந்து, அதில் பூனை முடி போல மெல்லிய முடி முளைத்தது. தூண்கள் சும்மா நின்றன. இரண்டாவது ஊசி போட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்பி வரும்போது, ஆடுகளின் காதுகளை முன்னும் பின்னும் ஒப்பிட்டு எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் வேலையை எனக்குப் பிடித்திருந்தது.

அது விடாமல் மழை பெய்த காலம். ஒரு திங்கட்கிழமை அப்பாவின் குரல் பதிவு வந்தது. அப்பா நிறுத்தி நிறுத்திப் பேசுவார், அதனால் அவருடைய பதிவுகளை நான் எப்போதும் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பது வழக்கம். அன்றும் அப்படித்தான், கிளினிக்கின் பின்னறையில் பொங்குஸ் கட்டி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.

"பாப்பா, அந்த வெள்ள பொட்ட ஆட்டுக்குத் தாட கீழ வீங்குது. சாயங்காலம் பாத்தா பை மாதிரி தொங்குது, காலைல வத்திப் போயிருது. என்னா அது?"

நான் பதில் சொன்னேன். "சீழ்க்கட்டி பா. முள்ளு ஏதாவது குத்தியிருக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க, ஞாயித்துக்கிழமை வந்து கீறி விடுறேன்."

சீழ்க்கட்டி காலையில் வற்றாது. மாலையில் வீங்கிக் காலையில் வற்றுவது நீர். ரத்தம் தண்ணீராகிப்போன ஆடு நாள் முழுக்கத் தலை குனிந்து மேயும்போது அந்த நீர் தாடைக்கு இறங்கும், படுத்து எழுந்தால் வடிந்துவிடும். வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு நிறைந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பரீட்சையில் இதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பா அந்தப் பாடத்தை எனக்கு அப்படியே ஒப்பித்திருந்தார். நான் அவரை வேகமாக ஓடவிட்டுக் கேட்டிருந்தேன்.

புதன்கிழமை அந்த வெள்ளை ஆடு செத்தது. அம்மாதான் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை இன்னொன்று. "உங்கப்பா ஒன்னும் பேச மாட்டேங்குறாரு. சாப்பாடு வச்சா வச்ச எடத்துலயே இருக்கு. நீ வா பாப்பா."

சனிக்கிழமை காலை முதல் கொம்யூட்டர் ரயிலில் போனேன். கொட்டகையில் மூன்றாவது ஆடு அப்போதுதான் செத்திருந்தது, உடம்பில் சூடு இருந்தது. நான் முதலில் உயிரோடு இருப்பவற்றைப் பார்த்தேன். ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும், உட்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். முதல் ஆட்டுக்கு அது அவித்த முட்டையின் வெள்ளையாக இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினாறில் பத்துக்கு நிறமே இல்லை. பல்லீறும் வெள்ளை. தோல் மட்டும் நன்றாக இருந்தது. முடி பளபளவென்று வளர்ந்திருந்தது.

செத்த ஆட்டைப் பின்னால் கொண்டுபோய்ப் பழைய பேனர் ஒன்றின்மேல் போட்டு அறுத்தேன். அப்பாவைப் போகச் சொன்னேன். போகவில்லை. நாலாவது இரைப்பையைத் திறந்தபோது உள்சுவர் முழுவதும் அசைந்தது. தலைமுடிப் பருமனில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போல, கை கையாக எடுக்கலாம்.

"என்னா அது, நூலா?"

"புழு பா. ரத்தம் குடிக்கிற புழு."

"அதுக்கும் சேத்துத்தானே ஊசி போட்ட?"

"ஆமா."

"ரெண்டு தரம் போட்டியே."

"ஆமா பா."

அப்பா மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டப் போனார். அவர் குனியக் கூடாது. நான் மண்வெட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு டப்பாவில் புழுக்கைகளைப் போட்டு, உப்பு கரைய மறுக்கும்வரை கரைத்த தண்ணீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். கெட்டி உப்புத் தண்ணீரில் புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். மேல் தண்ணீரைச் சின்னப் புட்டிகளில் எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போய், நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பிற்பகலில் திரும்பி வந்தேன். எண்ணத் தேவையிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் முட்டை. என் மருந்து அந்தப் புழுக்களை ஒன்றும் செய்யவில்லை. மருந்துக்குப் பழகிய புழுக்கள். அப்படிப் பழக வேண்டுமென்றால் அந்த மருந்தை முன்பே, நிறைய தரம், போதாத அளவில் கொடுத்திருக்க வேண்டும்.

"பா, இந்த ஊசிக்கு முன்னாடி நீங்க புழு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"குடுக்காம? மாசாமாசம் குடுக்குறேன்."

"என்ன மருந்து?"

"நீ குடுத்ததுதான்."

"நான் எப்ப குடுத்தேன்?"

அப்பா கொட்டகைக் கூரைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே வாயில் ஊற்றும் மருந்துப் புட்டி ஒன்று, ஊசியில்லாத பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்று. சிரிஞ்சின் நடுவில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது நான் போட்ட கோடு. அந்த நகப்பூச்சு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தீபாவளிக்கு வாங்கியது. அப்போது நான்கு கச்சாங் ஆடுகள்தான், எல்லாம் இருபது கிலோ. அந்தக் கோடு அந்த நான்கு ஆடுகளுக்குச் சரியான அளவு. "இந்தக் கோடு வரைக்கும் பா. ஒரு சொட்டு கூடவும் வேணாம், ஒரு சொட்டு கொறையவும் வேணாம்," என்று சொல்லிக் கொடுத்தேன். எடை என்ற சொல்லை நான் அன்று சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் குழப்பமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஏழு வருடம் ஒவ்வோர் அமாவாசைக்கும் அப்பா அதைக் கொடுத்து வந்திருக்கிறார். புட்டி தீர்ந்தால் காலிப் புட்டியைக் கடையில் காட்டி அதையே வாங்கியிருக்கிறார். நான் போட்ட ஊசியும் அதே குடும்பத்து மருந்து. ஆடுகள் மாறின, பெரிதாயின. கோடு மாறவில்லை. அரை மருந்தும் அதற்குக் குறைவாகவும் குடித்த ஆடுகளின் வயிற்றில் பலவீனமான புழுக்கள் செத்தன, பலமானவை முட்டையிட்டன. கொட்டகையைச் சுற்றிப் புழுக்கை விழுந்த இடத்தில்தான் புல் அடர்த்தியாக வளரும். மழைக்காலத்தில் ஆடுகள் தூரம் போகாமல் அங்கேயே மேய்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிற நான் அந்தப் பெரிய ஆடுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அந்தப் பெரிய கெடாவுக்கும் இதே அளவா பா?"

"எல்லாத்துக்கும் இதான்."

"அது அறுவது கிலோ இருக்கும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"சின்னதுக்கும் பெருசுக்கும் ஒரே அளவான்னு நானும் யோசிச்சேன். புட்டியிலயே ஆட்டுப் படம் போட்டு பக்கத்துல நம்பர் போட்டிருக்கு. இருவது கிலோவுக்கு இவ்வளவு, நாப்பதுக்கு இவ்வளவுன்னு. பாத்தேன்."

"உங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "இருவத்தாறு வருசம் லோரி ஓட்டிருக்கேன். திம்பாங்ல எத்தன தரம் லோரிய ஏத்தி எட பாத்திருப்பேன். எழுத்துதான் தெரியாது. நம்பர் தெரியாமயா?"

"அப்ப ஏன் பா கூட்டிக் குடுக்கல?"

"நீ போட்ட கோடு," என்றார். "நான் எப்பிடி மாத்துறது?"

அன்று மாலையே வேறு வகை மருந்து வாங்கி வந்தோம். ஆடுகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் உட்காரவைத்துத் தொங்கு தராசில் மாட்டினோம். அப்பா எடையைப் படித்தார், நான் அளந்தேன். நான் அளந்ததை அவர் மறுபடி படித்துப் பார்த்தார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகச் செய்தார். மேய்ச்சலை நிறுத்தினோம். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு, தரையோடு ஒட்டாமல் ஒரு சாண் மேலே வெட்டிய புல், செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, இரும்புச்சத்து ஊசி. ரத்தமில்லாத ஆட்டை விரட்டவோ இழுக்கவோ கூடாது, அந்த அலைச்சலிலேயே விழுந்துவிடும். அப்படியும் அடுத்த பத்து நாளில் நான்கு செத்தன. பத்தொன்பதில் பன்னிரண்டு மிஞ்சின.

எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திங்கள் முதல் சனி வரை பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டேன், ஒரு நாயின் காதைச் சுத்தம் செய்தேன். ஒரு பெண்மணி போகும்போது, "டாக்டர் எப்பவும் சிரிச்ச மொகமா இருக்கீங்க" என்றார். நன்றி சொன்னேன். அப்பாவின் குரல் பதிவுகளை இப்போது அவருடைய வேகத்திலேயே கேட்டேன். "இன்னைக்கு ஒன்னும் சாகல" என்பதைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு ஊசியைப் பிரித்து மருந்தை ஏற்றி முடித்துவிடலாம்.

கடைசி ஆட்டைப் புதைத்த அன்று அங்கிள் வேலியில் கை வைத்து நின்று கேட்டார். "என்னாதான் ஆச்சு உன் ஆட்டுக்கு?"

அப்பா யோசிக்கவேயில்லை. "மழ. வேற என்னா. இந்த வருசம் மழ விடல. எம்பொண்ணு மட்டும் இல்லன்னா பத்தொம்போதும் போயிருக்கும்."

நான் கையுறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் சும்மா இருந்துவிட்டேன். ஒரு வாரம் அப்படியே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அங்கிள் தன் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். "டாக்டரம்மா, இங்க ஒரு நிமிசம் வாயேன். ரெண்டு ஆட்டுக்குச் சாயங்காலமானா தாடைல என்னமோ தொங்குது."

போய் இமையைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

"அங்கிள், புழு மருந்து எப்படிக் குடுக்குறீங்க?"

"உங்கப்பா குடுத்த சிரிஞ்ச்லதான். உன் கோட்ட வச்சுப் பாத்து, அதே எடத்துல எனக்கும் மார்க்கர்ல கோடு போட்டுக் குடுத்தாரு. டாக்டர் அளவு, மாத்தாதன்னு."

மருந்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிஞ்ச் அவரிடம் இருக்கும். புது மருந்தையும் அவர் அந்தக் கோடு வரைக்கும்தான் கொடுப்பார், இன்னும் ஏழு வருடம். ஏன் மாற்ற வேண்டும் என்று தெரியாதவர் மாற்ற மாட்டார். எனக்கு அது தெரிந்திருந்தது, என் வீட்டிலேயே பார்த்திருந்தேன்.

"அங்கிள், எங்க ஆடு செத்தது மழையினால இல்ல. அந்தக் கோடு தப்பு."

"பாப்பா, விடு," என்றார் அப்பா.

"சின்ன ஆட்டுக்குப் போட்ட கோடு. பெரிய ஆட்டுக்கு அது பத்தல. பத்தாத மருந்து குடுத்துக் குடுத்துப் புழு பழகிடுச்சு. அப்புறம் நான் போட்ட ஊசியும் வேல செய்யல. தாட வீங்குதுன்னு அப்பா சொன்னப்பகூட நான் சீழ்க்கட்டின்னு சொன்னேன். அதுவும் தப்பு."

அங்கிள் தன் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எத்தன போச்சு உங்களுக்கு?" என்றார்.

"ஏழு."

"என் என்ஜின் ஆயில விஷம்னு சொன்னியே. அதுல ஒன்னும் சாகல லா."

"ஆமா அங்கிள்."

"சரி, உன்னோடது என்ன, தேனா?" அவர் சிரித்தார். அதில் வன்மம் எதுவும் இல்லை. அப்பாவின் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் இத்தன வருசமா டாக்டரு டாக்டருன்னு என் உயிர எடுத்தியா, மச்சான்?"

அப்பா கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

அங்கிளின் பதினொரு ஆடுகளையும் அன்றே எடை போட்டு மருந்து கொடுத்தேன். அவர்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார், ஒவ்வொரு தடவையும் "இந்தக் கோடு சரிதானே டாக்டரம்மா?" என்று கேட்டபடி. முதல் இரண்டு தடவை நான் சிரிக்க முயன்றேன். பிறகு "சரிதான் அங்கிள்" என்று மட்டும் சொன்னேன். அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.

திரும்பும்போது அப்பா மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினார். பள்ளத்தில் குலுங்கினால் அவருக்கு முதுகு வலிக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பேசுவது காற்றில் பாதிதான் கேட்டது, அதனால் சமிக்ஞை விளக்கில் நின்றபோது சொன்னார்.

"அவன்கிட்ட ஏன் சொன்ன?"

"அவரு ஆடும் செத்துருக்கும் பா."

"மருந்த மட்டும் குடுத்திருக்கலாம். அந்தச் சிரிஞ்ச நான் வாங்கி ஒடச்சுப் போட்டிருப்பேன். கோடு தப்புன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அப்பா கிளம்பவில்லை.

"ஏழு வருசமா அவன்கிட்ட உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கேன். இனிமே நான் அவன்கிட்ட என்னத்த பேசுறது?"

பிறகு மோட்டாரைக் கிளப்பினார்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. அம்மா பயந்தது நடக்கவில்லை. மழை நின்ற பிறகும் தினமும் காலையில் கொட்டகைக்குப் போகிறார். பன்னிரண்டு ஆடுகளோடு இப்போது மூன்று குட்டிகளும் சேர்ந்திருக்கின்றன. நானும் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டோம், இமை வெளுத்ததற்கு மட்டும், எடை பார்த்து. அப்பா ஆட்டைப் பிடிக்கிறார், நான் இமையை இழுக்கிறேன். "இது?" என்பார். "பரவால்ல" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அங்கிளோடு அவர் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுகிறார், பிண்ணாக்கு தரமில்லாமல் வருவதைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மா என்று கூப்பிடும் குரல் மட்டும் இன்னும் வருகிறது. அப்பா திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு அம்பாங்கிலிருந்து ஒருவர் குட்டி பார்க்க வந்தார். புதிதாக ஆடு வளர்க்க ஆரம்பிக்கிறாராம். கொட்டகைக்குள் ஏறி, கிடாவின் முதுகைத் தடவிப் பார்த்தார். காதைப் புரட்டிப் பார்த்தார். விவரம் தெரிந்தவர்.

"நல்லா மினுமினுன்னு இருக்கே அண்ணே. சொறி கிறி ஒன்னும் இல்ல. மருந்தெல்லாம் யாரு பாக்குறா?"

நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பழைய டி-சட்டையில், ஒரு குட்டியின் தலையைப் பிடித்தபடி அப்பாவுக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தேன். அப்பாவின் வாய் திறந்தது. அந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

"நாந்தான் பாக்குறேன்," என்றார் அப்பா. "எட போட்டுக் குடுப்பேன்."

பொய்யில்லை. இப்போது எடை போட்டு மருந்து கொடுப்பது அவர்தான்.

வந்தவர் மெச்சுவது போலத் தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்த வாளிய கொஞ்சம் தள்ளி வைங்கம்மா, கால்ல தட்டுது."

குட்டியை விட்டுவிட்டு வாளியை நகர்த்தினேன்.